இலங்கைத்துறைக் காசும் நாலு எழுத்தும்

வெள்ளி

1966ஆம் ஆண்டு ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட் ஐந்து ரூபாய் எண்பது சதம். கையில் ஒரு துணிப்பை. இடுப்பில், வேட்டி மடிப்புக்குள் நூலால் தைத்து வைத்த ஒரு பொற்காசு. பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் என் கை தானாக இடுப்புக்குப் போய் வந்தது. பக்கத்தில் இருந்தவர் எனக்கு வயிற்றுக்கோளாறு என்று நினைத்து ஒரு துண்டு இஞ்சி தந்தார். வாங்கிச் சப்பினேன்.

எனக்குத் தொழில் மணிக்கூடு திருத்துவது. கடை பெரியகடைப் பக்கம், ஒரு மேசையும் ஒரு கதிரையும் போடத்தான் இடம். பழங்காசு பார்ப்பது என்னைப் பிடித்த பேய். கண்ணில் வில்லையைப் பொருத்திக்கொண்டு பற்சக்கரம் பார்க்கிறவனுக்குக் காசின் முகம் பார்ப்பது பெரிய காரியமல்ல என்று தொடங்கியது. இருபது வருடமாகிவிட்டது. செப்பும் பித்தளையும் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இடுப்பில் இருப்பது மட்டும் எனக்கு அடங்கவில்லை.

அரைப் பவுணுக்குக் கொஞ்சம் குறைவான எடை. ஒரு பக்கத்தில் இரண்டு மீன்கள், நடுவே ஒரு பிறை. மறுபக்கத்தில் பழைய வரிவடிவில் ‘கோண’ என்று ஒரு தொடக்கம். அதற்குப் பிறகு நாலு எழுத்துக்கு இடமுண்டு, எழுத்துத்தான் இல்லை. யாரோ எப்போதோ அதைக் கல்லில் வைத்து அடித்திருக்கிறார்கள். வார்த்த காசானால் வில்லையில் பார்க்கும்போது ஊசி குத்தியது போலப் புள்ளிகள் தெரியும். இதில் அப்படி ஒன்றுமில்லை. விளிம்பில் பொன் பிதுங்கி ஓடிய கோடுகள் இருக்கின்றன. ஆகவே இது அச்சில் வைத்து அடித்தது. உரைகல்லில் மாற்றுப் பார்த்தாயிற்று, தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்தாயிற்று, நல்ல பொன். ஆனால் இந்த எடைக் கணக்கில் இந்த நாட்டில் எந்த அரசனும் நாணயம் அடித்ததாக எனக்குத் தெரிந்தவரை இல்லை. அதனால் இது கடையில் கொடுத்து வாங்கிய காசல்ல, எதற்கோ அடையாளமாகக் கையில் கொடுத்த காசு என்பது என் முடிவு. திருகோணமலைத் துறைமுகத்தில் தீர்வை கட்டிய கப்பல்காரனுக்குக் கொடுத்த அடையாளமாக இருக்கலாம் என்பது என் ஆசை.

பழம்பொருள் தெரிந்த ஒரு கனவானிடம் கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. “யாத்திரைக்காரருக்கு விற்கிறதுக்குக் கோயில் வாசலில் செய்த சாமான், நூறு வருசம்கூட இராது” என்று திருப்பித் தந்துவிட்டார். விடுபட்ட நாலு எழுத்தும் திருகோணமலைக் கோயிலைச் சொன்னால் அவர் சொன்னது சரி. துறையைச் சொன்னால் நான் சொன்னது சரி. இடையில் வேறு வழியில்லை.

இந்தச் சித்திரையில் மூதூர் ஹனிபா நானா கடைக்கு வந்தார். கருவாட்டு வியாபாரி. கிழக்கில் வாங்கி யாழ்ப்பாணத்தில் விற்கிறவர். மணிக்கூட்டைத் திருத்தக் கொடுத்துவிட்டு நின்றவர், மேசையில் வில்லைக்கு அடியில் கிடந்த காசைக் குனிந்து பார்த்தார்.

“இது போல ஒண்டு எங்கட பக்கம் இலங்கைத்துறையில ஒரு பொம்பிளையிட தாலிக்கொடியில கிடக்கு அண்ணன். ரெண்டு மீன், மற்றப் பக்கம் எழுத்து. இதுபோல நசுங்கல்ல, எழுத்து முழுசா இருக்கு” என்றார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது, “ஆவணியில வாறன். அந்தக் காசைப் பார்க்கவேணும். எழுத்துத் தெளிவாத் தெரிஞ்சால் காணும், எனக்கு வேறொண்டும் வேண்டாமெண்டு சொல்லிவையுங்கோ” என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு முதல் போக முடியாததற்குக் காரணம் கடை. இதற்குமேல் தள்ள முடியாததற்குக் காரணம் என் வலது கண். அதில் புகை படர்கிறது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். இடது கண் சிறுவயதிலேயே மந்தம். வில்லையை வைப்பது வலது கண்ணில். அடுத்த ஆவணியில் அந்தக் காசை என் கையில் தந்தாலும் என்னால் வாசிக்க முடியாது.

வவுனியாவில் பஸ் அரை மணி நின்றது. பாணும் சம்பலும் நாற்பது சதம். ஹொரவப்பொத்தானை தாண்டியதும் காடு இரண்டு பக்கமும் காய்ந்து நின்றது. கச்சான் காற்று புழுதியை அள்ளி உள்ளே கொட்டியது. நூற்றைம்பது மைலுக்கு மேல் குலுங்கி, திருகோணமலையில் இறங்கியபோது பகல் ஒன்றரை மணி. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் இரவுக்கு மூன்று ரூபாய் பேசி அறை எடுத்தேன்.

மாலையில் கோட்டைக்குப் போனேன். இந்த ஊருக்கு வருகிறவர்கள் மலை உச்சிக்குப் போய்க் கோயிலையும் கீழே கடலையும் பார்ப்பார்கள். நான் வாசலோடு நின்றுவிட்டேன். கோட்டை வாசல் கல்லில் இரண்டு மீன் செதுக்கியிருக்கிறது. நிழல் பார்த்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, இடுப்பு மடிப்பைப் பிரித்துக் காசை எடுத்து அந்த மீன்களுக்கு நேரே பிடித்தேன். வால் பிரியும் விதம் ஒன்றுதான்.

“ஐயா, கோயிலுக்கெண்டால் மேலே போங்க. இதில நிக்க ஏலாது” என்றார் காவல் நின்ற சிப்பாய்.

“மீன் பார்க்கிறன் தம்பி.”

“மீன் பாக்கிறதெண்டால் சந்தைக்குப் போங்க.”

நல்ல பதில்தான். திரும்பி நடந்தேன். உள்துறைமுகத்துப் பக்கம் வந்து ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தேன். மூன்று பக்கமும் மலை சூழ்ந்து, குளம் போல அசையாமல் கிடக்கிறது தண்ணீர். இத்தனை பெரிய துறையில் ஒரு துருப்பிடித்த பாரம் ஏற்றும் படகும், எங்கோ தூரத்தில் ஒரே ஒரு கப்பலும். வெள்ளைக்காரனின் கடற்படை போனபிறகு இறங்குபாலங்களும் கிடங்குகளும் வெறுமனே நிற்கின்றன. இவ்வளவு இடம் இருந்தும் வருவதற்கு ஆளில்லாத துறை. பார்க்கப் பார்க்க மனம் கனத்தது. ஒரு காலத்தில் இங்கே கப்பல்காரர்கள் வரிசையில் நின்று கையில் பொற்காசு வாங்கிப் போனார்கள் என்று சொன்னால் இந்தக் கடைக்காரனே சிரிப்பான். அதைச் சொல்ல என்னிடம் இரண்டு எழுத்துத்தான் இருந்தது.

சனி

மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு காலை ஏழு மணிக்கு. எழுபத்தைந்து சதம். கொட்டியாரக் குடாவைக் குறுக்கே கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆட்கள், கோழிக்கூடை, இரண்டு சைக்கிள், ஒரு தையல் மெசின், எல்லாம் ஒன்றாக. குடாவின் நடுவில் அலை எழும்பி என் வேட்டியை முழங்கால்வரை நனைத்தது. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

“பயமா ஐயா?” என்றார் லோஞ்ச் ஓட்டுகிறவர்.

“கடலுக்கில்லை.”

“மறுகா எதுக்கு?”

ஒருவேளை அந்த நாலு எழுத்தும் கோயிலைத்தான் சொன்னால் என்ற பயம் என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு நான் பயப்பட்டதெல்லாம் அதற்குத்தான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கலாம் என்று தோன்றவில்லை.

மூதூர் இறங்குதுறையில் ஹனிபா நானா வெள்ளைச் சாறனும் தொப்பியுமாக நின்றார். வீட்டுக்குக் கூட்டிப்போய் இடியப்பம் தந்தார். “எல்லாம் சொல்லி வச்சிட்டன் அண்ணன். யாழ்ப்பாணத்தில இருந்து பெரிய மனிசர் ஒருத்தர் இதுக்கெண்டே வாறார் எண்டு சொன்ன நான். சந்தோசத்தில நிக்கிறாங்க” என்றார். எனக்கும் சந்தோஷம். அவருடைய மணிக்கூட்டுக்கு இனி வாழ்நாள் முழுக்கக் கூலி இல்லை என்று அப்போதே வாக்குக் கொடுத்தேன்.

தோப்பூர்வரை பஸ். அதற்குமேல் வயல்காரர் ஒருவரின் உழவு இயந்திரப் பெட்டியில், உரமூட்டைகளின்மேல். ஈச்சிலம்பற்றை தாண்டியபின் பாதை என்று சொல்ல ஒன்றுமில்லை; மணலில் சில்லுத்தடம். ஒரு பக்கம் களப்பு நீர், மறுபக்கம் தாழம்புதர், அதற்கப்பால் கடல் இரைச்சல். இருபது மைல்தான் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு வந்ததைவிட இதுதான் முதுகை முறித்தது. களப்பின் வாயில் தோணியில் ஏற்றி அக்கரை விட்டார்கள். இலங்கைத்துறையில் கால் வைத்தபோது பகல் இரண்டு மணி.

காசு இருக்கும் வீட்டுக்காரர் நாகமணி, கரைவலைக்காரர், நாற்பது வயதிருக்கும். மனைவி பூரணம். மூத்த மகளுக்குப் பதினாறு. இந்தப் பக்கத்தில் வீடும் நகையும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். அந்தக் காசு பூரணத்துக்குத் தாய் தந்தது, தாய்க்கு அவள் தாய். எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்று அவர்களுக்கே தெரியாது. முற்றம் புதிதாகக் கூட்டியிருந்தது. வாசலில் எனக்காக எங்கிருந்தோ இரவல் வாங்கிய ஒரு கதிரை, அதன்மேல் வெள்ளைத் துணி.

“இரிங்க ஐயா. சாப்பிட்டுட்டுப் பாப்பம். பசியோட பாக்கிற சாமான் இல்ல அது” என்றார் நாகமணி.

எனக்கு அந்தப் பெண்ணின் கழுத்தைப் பார்க்காமல் இருப்பதே பெரும் பாடாக இருந்தது. அவள் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். சோறு, நண்டுக்கறி, முரல் மீன் பொரியல், தயிர். வேறொரு நாளானால் கைவிரல் சூப்பியிருப்பேன். அன்று எதை விழுங்கினேன் என்று தெரியாது. சாப்பிட்டு எழுந்ததும் பூரணம் உள்ளே போனாள். தாலிக்கொடியிலிருந்து காசை மட்டும் கழற்றி, ஒரு பித்தளைத் தட்டில் வெற்றிலை பரப்பி, அதன்மேல் வைத்துக் கொண்டுவந்தாள். அக்கம்பக்கத்து வேலியில் பத்துத் தலை தெரிந்தது.

தட்டு என் பக்கம் வரும்போதே அது மின்னியது. இன்று காலையில் கடையில் வாங்கியது போல மின்னியது.

வில்லையைக் கண்ணில் வைத்தேன். முதலில் மீன் பக்கம். மீன்களுக்குச் செதில் வந்திருந்தது. ஒவ்வொரு செதிலும் சிற்றுளியால் புதிதாக வெட்டியது. கண் வைத்திருந்தது. பிறை இருந்த இடத்தில் ஒரு பூ. வேலை சுத்தமான வேலை. குறை சொல்ல ஏலாது. காசைத் திருப்பினேன். மறுபக்கம் கண்ணாடி போல வழவழவென்று கிடந்தது. நடுவில் ஒரு வேல். வேலுக்கு மேல் ‘ஓம்’. வேறு ஒன்றுமில்லை. விளிம்போடு விளிம்பாக எங்காவது ஒரு எழுத்தின் வால், ஒரு புள்ளி, ஒரு பள்ளம் மிஞ்சியிருக்குமா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வேலியில் நின்றவர்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எழுத்து எங்கே?” என்று கேட்டேன்.

“அதான் ஐயா, ஓம் எண்டு பெரிசா வெட்டியிருக்கே” என்றார் நாகமணி. “தெளிவாத் தெரியவேணும் எண்டு நீங்க சொல்லி அனுப்பினதா நானா சொன்னார். பழசில என்ன கிடந்திச்சு? ஊத்தையும் கீறலும். ஒவ்வொரு வரிசமும் வெருகல் திருவிழாவுக்கு முதல் பத்தர் வருவார். ஊர்ப் பொம்பிளையள் எல்லாரும் நகையை மெருகு போட்டுத்தான் முருகன்ர சந்நிதிக்குப் போறது. ஊத்தை நகையோட சாமி முன்னுக்குப் போகக்கூடாது. இந்தக் காசை இவ்வளவு நாளும் மேலால துடைச்சதுதான். உங்களுக்கு மட்டும் ஊத்தையோட காட்டேலுமா? அதான் பத்தரை இந்த முறை முன்னுக்கே கூப்பிட்டு, காசை வடிவாச் செய்யச் சொன்னம். போன புதனும் வியாழனும் இதே முற்றத்தில இருந்துதான் செய்தார்.”

போன வியாழன். நான் கடையில் பையைக் கட்டிக்கொண்டிருந்த நாள்.

நான் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பாமல் இருந்திருந்தால் அந்த எழுத்துகள் அந்தக் கழுத்தில் இன்னும் நூறு வருடம் பத்திரமாகக் கிடந்திருக்கும். அழிந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. என் வருகைதான் காரணம். இதை அந்தக் கதிரையில் இருந்தபடியே விளங்கிக்கொண்டேன். என் தலைக்குள் ஒரு பற்சக்கரம் உடைந்து, மற்றதெல்லாம் சும்மா சுற்றியது.

“எப்பிடி ஐயா இருக்கு?” என்று பூரணம் கேட்டாள். அவள் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல என்னைவிடக் கல்நெஞ்சு வேண்டும்.

“நல்ல வடிவு தங்கச்சி” என்றேன்.

வேலியில் ஒரே சலசலப்பு. நாகமணி நெஞ்சை நிமிர்த்தினார். கொஞ்சம் பொறுத்து, சாதாரணமாகக் கேட்பது போல, “முதல் இருந்த எழுத்து என்னெண்டு ஞாபகம் இருக்கே?” என்றேன்.

“எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது ஐயா. தெரிஞ்சாலும் என்ட கழுத்தில கிடக்கிறதை நான் எங்க பாக்கிறது? மற்றாக்கள்தான் பாக்கிறது” என்று அவள் சிரித்தாள். மகள் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். அவளைக் கேட்டேன். “கோழி கிளறின மாதிரி இருந்திச்சு” என்றாள். கடைசியாக ஹனிபா நானாவைப் பார்த்தேன். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது, முகம் கறுத்திருந்தது. என்னை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டுபோய்த் தாழ்ந்த குரலில் பேசினார்.

“அண்ணன், எழுத்து முழுசா இருந்தது, அது மெய். என்ன எழுத்தெண்டு கேட்டா நான் என்ன சொல்ல? நான் கருவாடு வாங்கப் போறவன். இன்னொருத்தன்ட பொஞ்சாதியிட கழுத்தை உத்து உத்துப் பாத்துக்கொண்டு நிக்க ஏலுமா?”

ஏலாதுதான். அவர் மரியாதையான மனிதர். எல்லோரும் மரியாதையான மனிதர்கள். அதுதான் என்னைக் கொன்றது. ஒருவன் களவாடியிருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன்.

பின்னேரம் பூரணம் என் காசைப் பார்க்கக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்து, இரக்கத்தோடு உச்சுக்கொட்டினாள். “பாவம், எப்பிடி ஊத்தையாக் கிடக்கு. இஞ்ச குடுத்துட்டுப் போங்க ஐயா. பத்தர் வெருகல்லதான் நிக்கிறார். உங்கடதையும் எங்கடதுபோல ஆக்கித் தருவார்.”

நான் சிறுபிள்ளை போலப் பறித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள் திகைத்துப் போனாள். அன்று அந்த வீட்டில் நான் செய்த மரியாதைக்கேடு அது ஒன்றுதான்.

ஞாயிறு

பத்தர் வெருகலில் நிற்கிறார் என்பது என்னை விடவில்லை. இரண்டு நாள் அந்தக் காசைக் கண்ணுக்கு நேரே வைத்து வேலை செய்த கை அது. கீறல் என்று நினைத்து அழித்தாலும், அழிக்கிறவன் பார்த்துத்தானே அழிக்க வேண்டும்? இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு காலையில் மாட்டுவண்டியில் புறப்பட்டேன். ஹனிபா நானா வேண்டாமென்று சொல்லிப் பார்த்துவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார். ஏழெட்டு மைல்.

வெருகல் ஆறு மெலிந்து ஓடியது. கரையில் முருகன் கோயில். திருவிழாவுக்கு இன்னும் நாளிருந்தாலும் கிடுகுப் பந்தல் போட ஆள் நின்றது. சர்பத் கடைக்குக் கம்பு நட்டிருந்தது. ஆலமரத்துக்கு அப்பால் ஒரு சின்னக் கொட்டிலில் பத்தர் இருந்தார். வேலாயுதப் பத்தர், திருகோணமலைப் பட்டினத்து ஆள், என் வயது. முன்னால் உமிச்சட்டி, ஊதுகுழல், குறடு, அரம், சிற்றுளி. இரண்டு பெண்கள் காப்பு மெருகு போடக் காத்திருந்தார்கள். அவர்கள் போகும்வரை பொறுத்து நின்றேன்.

“இலங்கைத்துறை நாகமணி வீட்டுக் காசு செய்தது நீங்கள்தானே பத்தர்?”

“ஓம்.” அவர் கை வேலையை விட்டது.

“அதில முதல் ஒரு எழுத்து இருந்தது. நினைவிருக்கே?”

“எழுத்தோ? கீறல்தான் கிடந்தது ஐயா. வளைவு வளைவா.”

“அந்த வளைவை ஒருக்கா எழுதிக் காட்டுங்கோ. மணலில எழுதினால் காணும்.”

அவர் என்னையும் ஹனிபா நானாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு ஈர்க்கை எடுத்து மணலில் கீறினார். ஒரு கொம்பு, ஒரு வளைவு, ஒரு கால், ஒரு சுழி. ‘துறை’ என்று முடிவதாக வாசிக்க அதில் இடம் இருந்தது. உட்கார்ந்து, அதை அழித்து, “இன்னொருக்கா” என்றேன். இரண்டாம் முறை அவர் கீறியதில் கொம்பு கடைசிக்குப் போயிருந்தது. சுழி இல்லை. மூன்றாம் முறை கீறியதில் எழுத்து ஐந்தாகிவிட்டது.

“பத்தர், முதல் கீறினது இப்பிடியெல்லே இருந்தது?” என்று நானே ஈர்க்கை வாங்கிக் கீறிக் காட்டினேன்.

“ஓம் ஓம், அப்பிடித்தான்” என்றார் உடனே.

“இல்லாட்டி இப்பிடியோ?” வேண்டுமென்றே கோயில் பெயரைக் கீறினேன்.

“ஓம், அப்பிடியும் இருக்கலாம்.”

ஈர்க்கைக் கீழே போட்டேன். நான் என்ன கீறினாலும் இந்த மனிதர் ஓம் என்பார். ‘காசைக் கையாண்ட பத்தரின் வாக்குமூலம்’ என்று அழகாக ஒரு கட்டுரை எழுதலாம். கொழும்புக் கனவான் வாயை மூடுவார். எனக்கும் மனம் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆனால் ராத்திரி படுக்கும்போது மணலில் முதலில் கீறியது அவருடைய ஞாபகமா, என் ஆசையா என்று கேள்வி வரும். அந்தக் கேள்வியோடு சாகும்வரை படுக்க ஏலாது.

நான் எழும்பாமல் குந்தியிருந்ததைப் பத்தர் வேறு மாதிரி விளங்கிக்கொண்டார். அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. கொட்டிலின் மூலைக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, சிவப்புக் கடுதாசியில் மடித்த ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

“ஐயா, நீங்க சுத்திச் சுத்திக் கேக்கத் தேவையில்ல. எனக்கு விளங்கிட்டுது. அராவின தூள் முழுக்க இதுக்குள்ள கிடக்கு, ஒரு துளி நான் எடுக்கல்ல. ஒருத்தரும் கேக்கிறதில்ல, அதனால குடுக்கல்ல. எங்கட தொழில்ல அது வழமை. ஊருக்குள்ள சொல்லிப்போடாதேங்க. எனக்குத் திருவிழா வேலை இல்லாமப் போயிரும்.”

பொன் குறைந்ததைப் பிடிக்கத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து நிறை பார்க்கிற ஆளைக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். எழுத்தைத் தேடி ஒருவன் இவ்வளவு தூரம் வருவான் என்பதை நம்புவதைவிட அது எளிது.

பொட்டலத்தைப் பிரித்தேன். மஞ்சள் பொடி, கொஞ்சம் சுருள் சுருளாக. வில்லையைக் கண்ணில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். நான் தேடிவந்த நாலு எழுத்தும் முழுமையாக, ஒரு துளி குறையாமல், என் உள்ளங்கையில் இருந்தன. எந்தத் துகள் கொம்பு, எந்தச் சுருள் சுழி என்று சொல்ல இனி உலகத்தில் ஒருவராலும் ஆகாது. உடைந்த மணிக்கூட்டை அள்ளிக்கொண்டு வந்து மேசையில் கொட்டுவார்கள். நான் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். இதைப் பூட்ட ஏலாது. வெருகல் முருகனுக்கு முன்னால், கருவாட்டு வியாபாரிக்கும் பத்தருக்கும் நடுவில், ஐம்பத்திரண்டு வயது மனிதன் நான் அழுதேன். ஹனிபா நானா என் தோளில் கைபோட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றார்.

அந்தப் பொன் பூரணத்துடையது. பொட்டலத்தை மடித்து நானாவின் கையில் கொடுத்தேன். “பத்தர் மறந்துபோய் வைச்சிட்டாராம் எண்டு சொல்லிக் குடுங்கோ. வேறொண்டும் சொல்லவேண்டாம்” என்றேன். பத்தர் என் காலைத் தொட வந்தார். விலகிக்கொண்டேன்.

திங்கள்

இரவு நானா வீட்டில் தங்கி, மூதூரிலிருந்து காலை லோஞ்ச். அதே ஓட்டுநர், அதே எழுபத்தைந்து சதம். வந்த காரியம் முடிந்ததா என்று அவர் கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். பொய்யில்லை. குடாவின் நடுவில் மறுபடியும் அலை அடித்தது. இந்த முறை இடுப்பைப் பிடிக்கவில்லை. தூரத்தில் கோட்டை மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் வாசலில் இரண்டு மீனும் இருக்கும். அந்த மீன்களுக்கும் இந்தத் துறைக்கும் என்ன உறவு, என் காசுக்கும் அவற்றுக்கும் என்ன உறவு என்று சொல்லக்கூடிய சாட்சி ஒன்று போன புதன்வரை இருந்தது. நான் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியதால் இல்லாமல் போனது. இந்தக் கரைக்குப் போக நினைக்கும் வாசகர்களுக்கு என்னால் சொல்ல முடிந்த புத்தி ஒன்றுதான்: எதையாவது பார்க்கப் போவதென்றால் முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள்.

பஸ் இரவாகித்தான் யாழ்ப்பாணம் வந்தது. மனைவி கதவைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், சோறு போட்டாள். மறுநாள் கடையைத் திறந்தேன். என் மேசையில் முகத்தட்டில் கறை படிந்த மணிக்கூடுகள் ஏழெட்டுக் கிடந்தன. துடைக்க எடுத்த துணியை மடித்துத் திரும்ப வைத்தேன்.

இதை எழுதும்போது மார்கழி. புகை கூடிவிட்டது. நேற்று என் காசை வில்லையில் வைத்துப் பார்த்தேன். ‘கோண’ என்ற இரண்டு எழுத்தையும் காண முடியவில்லை. நகத்தால் தடவித்தான் இருக்கிறதென்று அறிந்தேன்.

சென்ற கிழமை ஹனிபா நானா கருவாட்டு மூட்டையோடு வந்தார். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டாராம். பூரணம் அந்தத் தூளை உருக்கி மகளுக்கு ஒரு மூக்குத்தி செய்வித்தாளாம், கடுகளவு. முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதாம். தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பியவர், வாசலில் நின்று திரும்பினார்.

“மறந்திட்டன் அண்ணன். பூரணம் உங்களிட்டக் கேட்டுவரச் சொன்னவ. ஐயாட காசு இன்னும் ஊத்தையாத்தான் கிடக்கோ எண்டு. கவலையாக் கேட்டவ.”

“ஓம் நானா. இன்னும் ஊத்தையாத்தான் கிடக்கெண்டு சொல்லுங்கோ” என்றேன்.